சிக்னாகியில் உன் அப்பா தூக்கிய கோப்பை

குத்தாயிசி, மே 28

என் தங்கமே தேயோனா,

உன் அப்பா, நான், மாடிப்படியில் தினமும் என்னோடு சண்டை போடுகிற என் முழங்கால், மூன்று பேரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். திராட்சை அறுவடைக்கு நீயும் மாப்பிள்ளையும் இங்கே வரலாமா என்று ஈஸ்டருக்கு எழுதிக் கேட்டாய், நான் இன்றுவரை வாயே திறக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நீ நார்வேயில் எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து இந்த மனிதர் உன் பெயரையே எடுப்பதில்லை. அவரிடம் போய் நான் என்னவென்று கேட்பது? உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தேன்.

இதற்கு நடுவில் அதிசயம் ஒன்று நடந்தது, முப்பது வருஷமாக நான் நச்சரித்த கக்கேத்தி மலையூர் சிக்னாகிக்கு என் அறுபதாவது பிறந்தநாளைச் சாக்கிட்டு ஒருவழியாகக் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் ஒரே புலம்பல், இந்தக் கக்கேத்திக்காரர்கள் திராட்சையைத் தோலோடும் காம்போடும் சாடியில் போட்டுப் புதைக்கிறார்களே, இது ஒயினா கஷாயமா என்று மினி பஸ்ஸில் சத்தமாகக் கேட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் கக்கேத்திக்காரர்கள். முன் சீட்டுப் பெண்மணி திரும்பி, உங்கள் ஊர் ஒயினைத்தான் நாங்கள் பல் முளைக்காத பிள்ளைகளுக்குப் புகட்டுகிறோம் என்றாளே பார்க்கலாம், நான் முகத்தைக் கைப்பையில் புதைத்துக்கொண்டு சிரித்தேன். கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்று கீழே அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டமாகக் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷ அழுகைதான். உன் அப்பா பசிக்கிறது என்றார்.

சாப்பிடக் கீழே ஒரு தோட்டத்து வீட்டுக்குப் போனோம். பக்கத்து மேசையில் ஒரு கல்யாண விருந்து, மொத்தமே எட்டுப் பேர். அந்த ஊரில்தான் எந்நேரமும் கல்யாணம் பதிவு செய்வார்களே, வீட்டை எதிர்த்து வருகிற ஜோடிகள் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. வெள்ளை உடுப்பைப் பார்த்ததும் உன் அப்பா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். திருப்பி என்ன பிரயோஜனம், காது திறந்துதானே இருக்கிறது? மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், விருந்தில் வரிசையாக வாழ்த்துச் சொல்லி நடத்துகிற தமதாவாக உட்கார்ந்து கோப்பை தூக்கிக்கொண்டிருந்தான், பாவம், ஒழுங்குமுறையே தெரியவில்லை, பெற்றவர்களை வாழ்த்தாமல் நேரே செத்துப்போனவர்களுக்கான கோப்பைக்குப் போய்விட்டான். குத்தாயிசியில் நாற்பது வருஷம் கல்யாண மேசைகளை நடத்தியவருக்குப் பொறுக்குமா? கறியை மென்றபடியே எழுந்துபோய், தம்பி, கல்யாணத்தை இழவு வீடாக்காதே என்றார். அடுத்த நிமிஷம் அந்தப் பிள்ளைகள் அவரையே தமதாவாக உட்காரவைத்துவிட்டார்கள், நான் கேத்தோ என்கிற அந்த மணப்பெண் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கடவுளுக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று, மணமக்களுக்கு ஒன்று, மனிதர் ஜமாய்த்தார், கஷாயம் என்றாரே, அதே ஒயின் மடமடவென்று இறங்கியது. அப்புறம் பெற்றவர்களுக்கு என்று கோப்பையை நிரப்பிக்கொண்டு எழுந்து, பெண்ணின் அப்பா எங்கே, முகத்தைப் பார்த்துத்தானே பேசவேண்டும் என்று கேட்டார். கேத்தோ தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா வரல. இனிமே என் பேரையே எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு."

தேயோனா, தூக்கின கோப்பையை வாழ்த்தாமல் கீழே வைத்தால் தமதாவுக்கு அதைவிட அவமானம் இல்லை. உன் அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பையை இன்னும் உயரத் தூக்கினார். கடைசியில் வாயைத் திறந்தார். "இந்தப் பொண்ணோட அப்பன் ஒரு மடையன். எனக்கு அவனை நல்லாத் தெரியும், தினம் காலைல சவரம் பண்றப்போ கண்ணாடியில பாக்கறேன். பொண்ணு மேல உசுரு, வாய்தான் வரமாட்டேங்குது. அவன் நல்லா இருக்கணும், அவன் பொண்ணு தேயோனாவும் நல்லா இருக்கணும்." மாப்பிள்ளையின் நண்பன் உடனே பெண்ணின் பெயர் கேத்தோ என்று திருத்தப் பார்த்தான், கேத்தோ மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள், கெட்டிக்காரி. உன் அப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் கடிதத்தைப் பற்றி மெதுவாகச் சொன்னேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால், பெற்ற பிள்ளையை இரண்டு மாதம் பதில் இல்லாமல் காக்கவைப்பாளா ஒரு தாய் என்று என்மேல் பாய்கிறார். அநியாயத்தைப் பார்த்தாயா? அப்புறம் மாப்பிள்ளை பெயரைக் கேட்டார், சிகுர்த் என்றேன், வீடு வந்து சேரும்வரை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிக்னாகி பக்கத்துப் போத்பே கோயிலில் உங்கள் இருவருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினேன், புனித நினோ என் குழந்தைகளை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு உன் அப்பா நடத்தும் ஒயின் மேசையில் உட்காரவிடாதே, முதலில் நிறைய ரொட்டி தின்னச்சொல். மிச்சம் வைத்திருக்கும் இடத்தில் உன் அப்பா ஏதோ எழுதவேண்டுமாம், நான் அதைப் பார்க்கக்கூடாது என்கிறார்.

ஆயிரம் முத்தங்களோடு,
உன் அம்மா சியாலா

தேயோனா, அறுவடை அக்டோபர்ல. அதுவரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இப்பவே ரெண்டு பேரும் வாங்க.
அப்பா