ஒரு புகார்கூட வரவில்லை

மார்ச் 4, செவ்வாய்

வீடியோ பிளேயர் என் தலையில் விழுந்தது. பேச்சுப் பயிற்சி மையத்துக்காக நாங்கள் செய்யும் செயலியில் மற்ற எல்லாம் தயாராம். பாடங்கள் மட்டும் ஓடவேண்டுமாம். சமையலறை தயார், அடுப்பு மட்டும் இல்லை என்பதுபோல. "ஒரே கோடிங்தான், ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் மூணுலயும் ஓடிடும், அரை நாள் வேலை" என்றார் மேலாளர். எதைக் கேட்டாலும் அரை நாள் வேலை என்பார். அதனால் அவருக்கு அரைநாள் என்றே பெயர்.

பாடங்கள் பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்கு. பயிற்சியாளரம்மா தன் வாயை மட்டும் அருகில் காட்டி "ஆ", "மா", "வா" என்கிறார். திரையில் அவர் செய்வதை அப்படியே திருப்பிச் செய்யவேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

அந்த மையத்துக்குப் போகிறவர்களில் ஒருவர் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப உங்களுக்கு ரொம்ப ஈசி" என்பார்.

மார்ச் 5, புதன்

பதினோரு வருடம், தினமும் காலையில், மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு "காபி ஆறிப்போச்சு" என்பார். அடுப்பிலிருந்து நேராகக் கையில் கொடுத்தாலும் ஆறிப்போயிருக்கும். ஒருமுறை கொதிக்கக் கொதிக்கக் கொடுத்துப் பார்த்தேன். ஊதி ஊதிக் குடித்தார். பிறகு ஆறிப்போச்சு என்றார்.

ஜனவரியில் வந்த பக்கவாதத்தோடு அது நின்றது. எல்லாம் புரிகிறது, பேசத்தான் வரவில்லை. இரண்டு மாதப் பயிற்சியில் "ஆ" வருகிறது, அரைகுறையாக "மா" வருகிறது. "முதல் ஆறு மாசம்தான் முக்கியம், அதை வீணாக்கிடாதீங்க" என்று பயிற்சியாளரம்மா சொல்லியிருக்கிறார்.

வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று ஒருநாள் நினைத்தேன். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

பிளேயர் மூன்றிலும் ஓடுகிறது. நிற்கத்தான் மாட்டேன் என்கிறது. பாடத்தை மூடிவிட்டு வேறு பக்கம் போனாலும் பழைய பிளேயர் உள்ளே உயிரோடு இருந்து பேசிக்கொண்டே இருக்கிறது. அரைநாள் மையத்துக்காரர்களிடம் போனில் பவ்யமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையில் இருந்த சோதனை போனிலிருந்து "ஆஆஆ" என்று ஒரு பெண் குரல். நாங்கள் யாரையோ கட்டிவைத்து அடிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 7, வெள்ளி

பக்கம் மூடும்போதே பிளேயரையும் மூடும்படி ஒரு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் சுவரில் நோட்டீஸ்: அலுவலகத்தில் எல்லாக் கருவிகளும் சத்தமில்லாமல் இருக்கவேண்டும், எக்காரணம் கொண்டும். எக்காரணத்துக்குக் கீழே கோடு வேறு. அடுத்த மேசைச் சோதனையாளர் உடனே எழுந்து தன் போன்கள் அத்தனையையும் ஊமையாக்கினார். நானும்தான்.

மார்ச் 8, சனி

மாமியாரை மையத்துக்கு அழைத்துப் போனேன். "ஆ" நன்றாக வந்தது. செயலி வந்தபிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம், நடுவில் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாமாம். "உங்க ஆபீஸ்ல செய்றதுதானே, நம்பலாம்" என்றார் பயிற்சியாளரம்மா.

மார்ச் 10, திங்கள்

இரண்டு போனும் அடக்கமாக இருக்கின்றன. பிரவுசருக்குத்தான் கொள்கை உண்டு. பார்ப்பவர் ஒருமுறையாவது திரையைத் தொடாமல், சத்தத்தோடு எந்த வீடியோவையும் தானாக ஓடவிடாதாம். விளம்பரக்காரர்கள் செய்த வேலைக்கு நாங்கள் அனுபவிக்கிறோம்.

நடுவில் ஒரு பொத்தான் வைக்கலாமா என்று அரைநாளிடம் கேட்டேன்.

"பாவம், கை வராதவங்கம்மா. திறந்ததும் தானா ஓடணும். ஒரு பொத்தானும் வேண்டாம். வால்யூம்கூட வேண்டாம், குழம்பிடுவாங்க. அரை நாள்ல முடிச்சிடுங்க."

சத்தத்தைப் பூஜ்யமாக்கினால் பிரவுசர் ஒன்றும் சொல்லாது. பூஜ்யமாக்கினேன். தங்கமாக ஓடியது. சத்தத்தைப் பிறகு எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று யோசிக்கவேண்டும். அந்த வரிக்குப் பக்கத்திலேயே "பிறகு பார்க்க" என்று எனக்கு நானே குறிப்பு எழுதிவைத்தேன். எவ்வளவு பொறுப்பு.

மார்ச் 12, புதன்

சோதனையாளர் காலையிலிருந்து மாலை வரை மூன்று கருவிகளிலும் நாற்பது பாடங்களையும் பார்த்தார். ஆள் இருக்கும் இடமே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. "பிரமாதமா ஓடுதுங்க, எங்கயும் திக்கல" என்றார். நாளை வெளியீடு.

மார்ச் 13, வியாழன்

வெளியானது. மாமியாரின் டேப்லெட்டில் போட்டு, மேசைமேல் சாய்த்துவைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன்.

மார்ச் 17, திங்கள்

ஒரு புகார்கூட வரவில்லை. அரைநாள் கேக் வாங்கிவந்தார். இத்தனை வருடத்தில் புகார் இல்லாமல் வெளியான முதல் செயலி இதுதானாம். என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 19, புதன்

இன்று வீட்டிலிருந்து வேலை. காதில் இயர்போன், இயர்போனில் அரைநாள். நடுநடுவே முன்னறையை எட்டிப் பார்த்தேன். மாமியார் திரையைப் பார்த்து வாயைத் திறக்கிறார், குவிக்கிறார், மூடுகிறார். எல்லாம் அச்சு அசல். ஆனால் ஒரு இயர்போனைக் கழற்றிக் கேட்டால் சத்தமே இல்லை. சும்மா வாயசைப்பு. நேற்று என் வீட்டுக்காரர், இவரும் "அம்மா நல்லா பண்றாங்க போல, வாய் நல்லா அசையுது" என்று மெச்சிக்கொண்டார். பெற்ற பிள்ளை அல்லவா.

எனக்கு எரிச்சல் வந்தது. முன்பு வந்த "ஆ" எங்கே போயிற்று? பிடிவாதம்.

"அத்தை, வாயைத் திறந்தா மட்டும் போதாது. சத்தம் வரணும். அங்க அவங்க சொல்றாங்கல்ல, அதே மாதிரி சொல்லுங்க."

டேப்லெட்டைக் காட்டினார். பிறகு என் காதைக் காட்டினார். மறுபடி டேப்லெட், மறுபடி என் காது. தலையை ஆட்டிக் கையை உதறினார்.

இயர்போனைக் கழற்றச் சொல்கிறார். பேச்சு போனாலும் அதிகாரம் போகவில்லை. கூட்டத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 22, சனி

 

மையத்தில் பயிற்சியாளரம்மா மாமியாரின் எதிரே உட்கார்ந்து "ஆ" என்றார். மாமியார் வாயைத் திறந்தார். சத்தமில்லை. மறுபடி. இல்லை. முன்பு தானாக வந்துகொண்டிருந்தது.

"வீட்டுல என்னங்க பண்றீங்க? இவங்க மட்டும் இல்ல, இந்த வாரம் வந்த ஒன்பது பேரும் இப்படித்தான். எல்லாரும் வாயை மட்டும் அசைக்கிறாங்க. யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி."

சொல்லிக்கொடுத்த மாதிரி.

பயிற்சியாளரம்மாவின் போனை வாங்கினேன். பாடத்தைத் திறந்தேன். போனில் சத்தம் முழுதாக இருந்தது. திரையில் வாய் "ஆ" என்று திறந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஐபோன். பிரவுசர்கூட இல்லை. சத்தத்தைப் பூஜ்யமாக்கும் அந்த வரியை, பிரவுசருக்கு மட்டும் என்றில்லாமல், நான் பொதுவான இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒரே கோடிங், மூன்றிலும் ஓடும் அல்லவா. மூன்றிலும் ஓடியிருக்கிறது, ஊமையாக.

"படம் பிடிக்கறப்போ நான் சத்தமாத்தானே பேசினேன்?" என்றார் அந்த அம்மா. தன்மீதே சந்தேகம் வந்து, பாவம்.

"நீங்க சரியாத்தான் பேசினீங்க. நான்தான் சத்தத்தை எடுத்துட்டேன். என்னோட தப்பு."

ஒன்பது நாட்கள். திரையில் செய்வதை அப்படியே செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தோம். ஒரு எழுத்து பிசகாமல் செய்திருக்கிறார்கள். புகார் எப்படி வரும்? புகார் சொல்லவேண்டியவர்கள் அத்தனை பேருக்கும் பேச்சு இல்லை. வீட்டில் இருப்பவர்கள் என்னைப்போல் சாய்த்துவைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்கள்.

இல்லை. ஒரு புகார் வந்தது. புதன்கிழமை. டேப்லெட்டைக் காட்டி, காதைக் காட்டி, இரண்டு தடவை. இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையாளரும் சொன்னதில்லை. நான் அதிகாரம் என்று எழுதி வைத்திருக்கிறேன், மேலேயே இருக்கிறது பார்.

ஆறு மாசம்தான் முக்கியம்னு சொன்னாங்களே. அதுல ஒன்பது நாள எடுத்து நான் என்ன பண்ணினேன்? கேக் தின்னேன்.

அங்கேயே அவர் பக்கம் திரும்பி, "அத்தை, நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல" என்றேன். அவர் என் கையிலிருந்த போனை வாங்கினார். காதில் வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

சரிசெய்துவிட்டேன். அரை நாள் ஆயிற்று.

மார்ச் 24, திங்கள்

"யார் சொன்னா? ஒரு புகாரும் வரலையே" என்றார் அரைநாள்.

"புகார் சொல்ல அவங்களால முடியாது சார். அதுக்குத்தான் இந்தச் செயலியே."

அரைநாள் பொத்தானுக்குச் சரி என்றார். முதன்முறையாக ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று சொல்லாமல் இருந்தார். இப்போது திரை நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பொத்தான். எந்தக் கையால் தட்டினாலும், முழங்கையால் தட்டினாலும் சத்தத்தோடு ஓடும். நோட்டீஸை நான்தான் கிழித்தேன். யாரும் கேட்கவில்லை. சோதனையாளரின் மேசையிலிருந்து நாள் முழுக்க ஆ, மா, வா. பக்கத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 26, புதன்

மாமியார் டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்கிறார். நான் நிமிர்த்தினால் மறுபடி கவிழ்க்கிறார். இவர் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. என் செயலிக்கு அவர் கொடுத்த மதிப்பெண் அதுதான். குறைசொல்ல முடியாது.

மார்ச் 28, வெள்ளி

காலை அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டேன். மாமியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நானே பொத்தானைத் தட்டினேன். நானே "ஆ" என்றேன். "மா" என்றேன். முப்பத்தெட்டு வயதில், அலுவலகம் போகும் உடையில். இவர் குளியலறையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் திரும்பப் போய்விட்டார்.

மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிடம் கழித்து என் உதட்டை விரலால் தட்டி, தன் வாயைக் காட்டினார். நான் "மா" சொல்வது சரியில்லையாம். எப்படிக் குவிக்கவேண்டும் என்று செய்துகாட்டினார்.

சத்தமில்லாமல்தான்.

ஏப்ரல் 2, புதன்

"ஆ" வந்தது. கரகரப்பாக, ஆனால் வந்தது. பொத்தானை அவரே தட்டினார்.

ஏப்ரல் 5, சனி

பயிற்சியாளரம்மா ஒன்பது பேரில் ஆறு பேருக்குச் சத்தம் திரும்பிவிட்டது என்றார். மற்ற மூவர் வீட்டுக்கும் நானே போன் செய்து புதிதாக எப்படித் திறப்பது என்று சொன்னேன். ஒரு வீட்டில் மகன் நன்றி சொன்னார். வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 19, சனி

"மா". முழுதாக. பிறகு "வா". இவரை வா என்று கூப்பிட்டார். இவர் எழுந்து போய் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், எதற்குக் கூப்பிட்டார் என்றுகூடக் கேட்கவில்லை.

மே 11, ஞாயிறு

காலை வழக்கம்போல் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். உதட்டைக் குவித்தார், விரித்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"கா...பி. ஆ...றிப் போச்சு."

டம்ளரை வாங்கி நான் ஒரு வாய் குடித்தேன். சூட்டில் நாக்கு பொத்துப்போனது.

உள்ளே போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன்.