திடலில் நான் நட்ட கல்

வெள்ளிக்கிழமை.

ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு எதிரே இருக்கும் திடல் எல்லாருக்கும் பொது. அங்கே பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. போன மாதம் நான் ஒரு விளையாட்டு செய்தேன். லாரி நிற்கும் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்துவிட்டு வந்தேன். மறுநாளே லாரி இடம் மாறியது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

இன்று சாயந்திரம் பார்த்தால், அதே அண்ணன் திடலைச் சுற்றி வேலிக்குக் குழி தோண்டுகிறார். பந்து விளையாடிய பிள்ளைகளை விரட்டிவிட்டார்.

"என்னண்ணே, லாரிக்கு வேலியா?" என்றேன்.

"வாய கழுவு சரசு. முனியாண்டி தானா வந்து உக்காந்த எடம்லா. என் கனவுலயே வந்து சொன்னாரு."

"கனவுல வந்தவரு, யாரு உக்கார வச்சான்னு சொல்லலியா?"

"அலமாக்! சாமிகிட்டயே கிண்டலா?"

"சரிண்ணே, வேலி கேட்டுக்குச் சாவி யாருகிட்ட?"

"எங்கிட்டத்தான். வேற யாருகிட்ட?"

உண்மையைப் போட்டு உடைக்க வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் நாலு பெண்கள் அந்தக் கல்லைக் கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

நாளைக்கு அண்ணன் உலு திராம் டவுனுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வருகிறாராம்.

திரும்பி வரும்போது கல்லைப் பார்த்து என் கையும் கும்பிட்டது. அதை நட்டதும் இதே கைதான்.