ராஜாவுக்கு என்ன ஆயிற்று

அன்புள்ளவனே,

இன்று காலை கட்டிலுக்கடியிலிருந்து உன் தகரப் பெட்டியை இழுத்து மேசைமேல் தூக்கி வைத்தேன். துருவும் கற்பூரமும் கலந்த அதே வாசனை. தெருவில் திஞ்சான் தொடங்கிவிட்டது. பர்மியர்களுக்குப் புதுவருஷம் என்றால் தண்ணீர்தானே. எங்கள் லான்மடாவ் பேட்டை முழுக்க வாளியும் பீச்சாங்குழலுமாக நிற்கிறார்கள். பெட்டி நனைந்துவிடக் கூடாது என்று கதவைத் தாழிட்டேன். தாழிட்ட பிறகுதான் உறைத்தது, இது நீ செய்கிற வேலை என்று. உன்னைக் கிறுக்கன் என்று திட்டியவன் நான்.

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருஷம் கழித்து நீ நாகப்பட்டினத்தில் கப்பலேறி ரங்கூனுக்கு வந்தாய். போட்டாதாங் சரக்குக் கிடங்கில் எனக்கு அடுத்த மேசை, பர்மியக்காரி டோ சின் வீட்டு வாடகை அறையில் எனக்கு அடுத்த கட்டில். வந்த ஒரு மாதத்தில் உன் அம்மாவிடமிருந்து கடிதம். ஜோசியர் உன் ஜாதகத்தை மறுபடி கணித்தாராம். முப்பது வயது முடியும்வரை உனக்கு ஜலகண்டமாம், தண்ணீரால் உயிருக்கு ஆபத்தாம். அதுவரை கப்பலில் கால் வைப்பதில்லை என்று தன் தலைமேல் சத்தியம் செய்து எழுதச் சொல்லியிருந்தாள்.

"கடலைத் தாண்டி வந்து எறங்குன பொறவு சொல்றாரு பாருடா அந்த மனுஷன்," என்று சிரித்தாய். சத்தியத்தையும் எழுதிப் போட்டுவிட்டாய். ஊருக்குத் திரும்பக் கப்பலை விட்டால் வேறு வழியில்லை என்பது மறுநாள்தான் உனக்கு எட்டியது. அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

அப்புறம் நீ அடித்த கூத்தை என்னவென்று சொல்வது. ஆற்றைத் தாண்டிச் சிரியத்துக்குப் போகும் படகில் ஏறமாட்டாய். ஸ்ட்ராண்ட் ரோட்டில் ஆற்றோரமாக நடக்காமல் எதிர்ப்பக்கமாகவே நடப்பாய். குளிப்பது அரைவாளித் தண்ணீரில். அதற்கும் நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஊர்க்கப்பல் கிளம்பும் நாளில் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அது வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாய். எனக்கு எரிச்சலாக வரும். உன்மேலா, உன் அம்மாமேலா, ஜோசியர்மேலா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

நான் வேதக்காரன், எனக்கு ஜாதகம் கிடையாது. மிஷன் பள்ளியில் படித்த கிரேக்கக் கதைகள் இருந்தன. உன் வாயை அடைக்கத்தான் அவற்றைச் சொல்ல ஆரம்பித்தேன், ஆனால் நீ கேள்விமேல் கேள்வி கேட்டாய். மூன்று கிழவிகள் மனிதர்களின் ஆயுளை நூலாக நூற்று வெட்டுகிறார்கள், தேவர்களின் ராஜாவாலும் அதைத் தடுக்க முடியாது என்றேன். "அப்பறம் அந்தச் சாமி எதுக்குடா?" என்றாய். ஒரு வீரனை, அவன் குழந்தையாக இருக்கும்போதே, அவன் தாய் பாதாள ஆற்றில் முக்கியெடுத்தாள், அதனால் குதிகாலைத் தவிர வேறெங்கும் ஆயுதம் பாயாது என்று சொன்னபோது உன் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டாய்.

"அவ புள்ளய தண்ணியில முக்கிக் காப்பாத்துனா. எங்கம்மா தண்ணியே படாமக் காப்பாத்துறா. ரெண்டு பேருக்கும் ஒரே பயந்தான் மாப்ள."

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. உன் கண்டம் கழிய இன்னும் பத்து மாதம் இருந்தது. திஞ்சானுக்கு இரண்டு நாள் முன்னால் உன் தங்கையின் கடிதம் வந்தது. அம்மா படுத்த படுக்கை, கஞ்சி மட்டுந்தான் இறங்குகிறது, பத்து மாதம் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு வரி: "நீங்கள் வரக்கூடாது என்றே அம்மா சொல்லச் சொல்கிறாள்."

அந்தத் திஞ்சானுக்கும் வழக்கம்போல் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்தோம். வெளியே பாட்டும் கும்மாளமும். நீ கட்டில் விளிம்பில் எதிர்ச்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் அக்ரிசியஸ் ராஜாவின் கதையைச் சொன்னேன். பேரனால் உனக்குச் சாவு என்று அவனுக்கு ஒரு வாக்குக் கிடைக்கிறது. உடனே மகளை வெண்கல அறை ஒன்றில் போட்டுப் பூட்டிவிடுகிறான். தேவராஜன் பொன்மழையாகக் கூரை வழியே இறங்குகிறான், அவளுக்குப் பிள்ளை பிறக்கிறது. தாயையும் பிள்ளையையும் ஒரு மரப்பெட்டியில் வைத்து ஆணியடித்துக் கடலில் தள்ளிவிடுகிறான் ராஜா.

அந்த நேரம் பார்த்து, தெருவில் யாரோ கொட்டிய தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது. நீ காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாய்.

"பெட்டி முழுகிடுச்சா?" என்றாய்.

"இல்லை. கடல் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. ஒரு தீவில் கரை சேர்ந்தது. அந்தப் பிள்ளைதான் வளர்ந்து பெரிய வீரனானான்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதிக்கதை எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நிறுத்தினேன். நீ போய் உன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். அதை நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, ஒரு கதையை விட்டுச் சொல்ல வைத்தேன்.

நீ காலைக் கீழே இறக்கினாய். ஈரத்தில் நடந்துபோய்க் கதவைத் திறந்தாய். வாசலில் டோ சின் வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். மூன்று வருஷமாக உன்மேல் ஒரு சொட்டுத் தெளிக்கவும் அவளுக்கு அனுமதி இல்லை. "ஊத்தலாமா தம்பி? கொஞ்சந்தான்," என்று அவளுடைய கடைத்தெருத் தமிழில் கேட்டாள். நீ குனிந்து தோளைக் காட்டினாய். நீ அழுததும் தண்ணீர் வழிந்ததும் ஒன்றாக இருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அடுத்த கப்பலிலேயே கிளம்பினாய். திரும்பி வரத்தானே போகிறேன் என்று இந்தப் பெட்டியை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு ஏறினாய். "நடு டெக்குல படுத்துக்கறேன், ஓரத்துக்கே போமாட்டேன், போதுமா?" என்று என்னைத் தேற்றினாய். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாய்.

"ஏண்டா, அந்த ராஜாவுக்கு என்ன ஆச்சுன்னு நீ சொல்லவே இல்லயே?"

"வந்ததும் சொல்றேன்," என்றேன்.

உன்னிடமிருந்து வந்தது ஒரே கடிதம். முதல் வரியே, 'சகாயம், பெட்டி கரை சேர்ந்துவிட்டது.' அம்மா முதலில் உன்னைத் திட்டினாளாம். பிறகு உன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாளாம். பதினோரு நாள் உன் கையால் கஞ்சி குடித்திருக்கிறாள். கடைசியில் எழுதியிருந்தாய்: 'ராஜா கதையை நீ சொல்ல வேண்டாம். ஓடி ஒளிந்தவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கப்பலேறும்போதே எனக்குத் தெரியாதா? மூன்று வருஷம் நானேதானே ராஜா.'

அதற்கடுத்த மாதம் உன் தங்கை எழுதினாள். ஊரில் வாந்திபேதி, குளத்துத் தண்ணீரால் வந்தது, இரண்டே நாளில் நீ போய்விட்டாய். கண்டம் விடவில்லை பார் என்று ஊரே பேசுகிறதாம். 'அண்ணன் வைத்துவிட்டு வந்த பெட்டியை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள், நீங்களே கொண்டு வாருங்கள்' என்றும் எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது.

வந்ததும் சொல்கிறேன் என்றேன் அல்லவா, இப்போது சொல்கிறேன். பேரன் வருகிறான் என்று கேட்டு அந்த ராஜா தன் ஊரைவிட்டே ஓடிப்போனான். ஓடிப்போன ஊரில் ஒரு பந்தயம் நடந்தது, கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தான். அந்தப் பந்தயத்தில் கனமான வட்டு ஒன்றை எறிந்த இளைஞன் அவன் பேரன்தான். தாத்தா அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது, அவனுக்கு யார்மேலும் பகையுமில்லை. வட்டு கைதவறிப் போய்க் கிழவன் காலில் விழுந்தது. அதிலேயே அவன் செத்தான். இவ்வளவுதான் கதை.

ராஜாவைப் பற்றி நீ நினைத்தது சரி. ஆனால் நான் இப்போதெல்லாம் அந்தப் பேரனைத்தான் நினைக்கிறேன். மீதி வாழ்நாளை அவன் எப்படிக் கழித்தான் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. நீ முடிவை ஊகித்துவிட்டுத்தான் கப்பலேறினாய் என்பது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. நீ ஊகித்தாய், நான் படித்திருந்தேன். அம்மா முகத்தில் உன் கை இருந்த அந்தப் பதினோரு நாளை நினைத்தால் செய்தது சரி என்று தோன்றுகிறது. குளத்தை நினைத்தால் அந்த நினைப்பு நிற்பதில்லை.

உன் பெட்டியை இரண்டு தடவை கப்பல் துறைவரை தூக்கிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எனக்கு எந்த ஜோசியரும் எதுவும் சொல்லவில்லை. கடல்மேல் பயமும் இல்லை. அண்ணன் எதை நம்பிக் கிளம்பினார் என்று உன் தங்கை கேட்டால் அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்றுதான் பயம்.

டோ சின் கதவைத் தட்டுகிறாள். "சகாயம் தம்பி, தொறங்க. கொஞ்சந்தான் ஊத்துறேன்." கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு, உன் பெட்டியை மடியில் இழுத்துப் போட்டு அதன் மூடிமேல் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அது இன்னும் கரை சேரவில்லை.