தாலி கட்டும்போது படம் நிற்கக் கூடாது

திருமானூர்,
மார்கழி மாதம்.

அன்புள்ள புவனேஸ்வரிக்கும், அவளுக்கு முன்னாடியே இதைப் பிரித்துப் படிக்கப் போகிற ஹாஸ்டல் வார்டன் அம்மாவுக்கும் சுவாதியின் வணக்கம். வார்டன் அம்மா, இதில் காதல் கத்தரிக்காய் எதுவும் கிடையாது. தைரியமாக ஒட்டிக் கொடுத்துவிடலாம்.

புவனா, உன் கடிதம் வந்தது. கவரில் என் பேர் இருந்தது, உள்ளே முழுக்க லாவண்யா பேர்தான். லாவண்யா கம்ப்யூட்டரில் புலி, லாவண்யா உனக்குத் தலை பின்னிவிடுகிறாள், லாவண்யா பக்கத்துக் கட்டில். பெரம்பலூருக்குப் போய் ஆறு மாசம் ஆகவில்லை. நேற்று வரைக்கும் உனக்கு ஃப்ரண்டாக இருந்த நான் இன்றைக்குப் பேக்காகி, பின்சீட்டுக்குப் போய்விட்டேன்.

அதைக்கூட விட்டுவிடுவேன். நம்ம வெப்சைட்டில் அவள் கை வைத்ததுதான் தாங்கவில்லை. வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் ஊர் விசேஷத்தைப் பார்க்கட்டும் என்று பத்தாவது லீவில் நீயும் நானும் உட்கார்ந்து செய்தது அது. இப்போது உங்க அனிதா அக்கா கல்யாணம் தை மாதம். உங்க அப்பாவுக்குக் குவைத்தில் லீவு இல்லை, தாரை வார்க்க உங்க சித்தப்பா நிற்கப் போகிறார். பெற்றவர் தாலி கட்டுவதைப் பார்க்கப் போவது நம்ம வெப்சைட்டில்தான். அப்படிப்பட்ட வேலைக்கு, "இலவச வீடியோ தளம் வேண்டாம், காசு கட்டுகிற வீடியோ ஹோஸ்டிங்கில் போடுங்க என்று லாவண்யா சொல்றா" என்று எழுதியிருக்கே. யாருடி அவ, நம்ம ஊர்க் கல்யாணத்துக்கு நாட்டாமை?

அவள் சொன்னதைப் பொய்யாக்கியே தீருவது என்று, ஆண்டிமடத்தில் எங்க மாமா வூட்டுக் காதுகுத்தை இலவச தளத்திலேயே நேரலையாகப் போட்டேன். உங்க அப்பாவுக்கும் லிங்க் அனுப்பினேன். அவர் ரூமில் இருக்கிற எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார். முதலில் ஒரு விளம்பரம், பல்பொடிக்கு. அப்புறம் நன்றாகத்தான் ஓடியது. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்த அதே நேரம், ரேடியோ செட் ராசாங்கம் அண்ணன் ஒரு சினிமாப் பாட்டை அலறவிட்டார். அந்தத் தளத்தில் பாட்டுக்குக் காவல் காக்கிற மெஷின் ஒன்று இருக்கிறதாம். யாரோ கம்பெனிக்குச் சொந்தமான பாட்டு என்று கண்டுபிடித்து நேரலையை அப்படியே நிறுத்திவிட்டது. இங்கே குழந்தை அழுகிறது, குவைத்தில் கருப்புத் திரை.

கல்யாணத்தன்று பாட்டு போடாதீங்க அண்ணே என்று கேட்டதற்கு, பாட்டு இல்லாமல் அது என்ன கல்யாண வூடா, கரண்ட் ஆபீஸா என்று என்னையே கேட்டார்.

உங்க அப்பா என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. வாய்ஸ் மெசேஜில் மெதுவாகத்தான் கேட்டார்: "பாப்பா, படம் நின்னு போச்சும்மா. அனிதா கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் நிக்குமா?"

சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு உன் கவரை மறுபடி பிரித்தேன்.

அப்புறம்தான் உன் கடிதத்தோடு லாவண்யா எழுதி வைத்திருந்த பக்கத்தை ஒழுங்காகப் படித்தேன். (கையெழுத்து கூட அழகாக இருக்கிறது, கடுப்பு.) நம்ம வெப்சைட் சர்வரிலேயே வீடியோவைப் போட்டால், மொத்தப் பந்திக்கும் ஒரே ஆள் பரிமாறுகிற மாதிரி. எல்லா இலையும் ஒரே நேரத்தில் சாம்பார் கேட்டால் வாளியோடு விழுந்துவிடுவார். காசு கட்டுகிற ஹோஸ்டிங்கில் ஊருக்கு ஊர் பரிமாற ஆள் வைத்திருக்கிறார்கள். குவைத்துக்குப் பக்கத்திலிருந்தே குவைத்துக்குப் போகும், சிங்கப்பூருக்கு அங்கிருந்து. நெட் இழுத்தால் படம் மங்கும், நிற்காது. விளம்பரம் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்த சொந்தக்காரர் மட்டும் பார்க்கலாம். பாட்டுக்கு மட்டும் அவள் ஒரு வழி சொல்லியிருக்கிறாள்: முகூர்த்த நேரத்துக்கு நாதஸ்வரம் மட்டும். இதை ராசாங்கம் அண்ணனிடம், குவைத்தில் இருக்கிற உங்க அப்பா பார்ப்பதற்காக என்று சொன்னேன். தங்கசாமி அண்ணனுக்காகவா என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார்.

ஒரு மாதம் இலவசமாகப் பார்க்கச் சொன்ன ஹோஸ்டிங்கில் நேற்று சோதித்தேன். கொள்ளிடக் கரையில் நின்று நான் தத்துப்பித்தென்று ஆடியதை உங்க அப்பா கடைசி வரை பார்த்தார். நடுவில் மூஞ்சி மட்டும் மங்கலாகிவிட்டதாம், அதுவே நல்லாயிருந்தது என்றார்.

அதனால் லாவண்யா சொன்னதுதான் சரி. ஒத்துக்கொண்டேன், போதுமா? இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே, பேனா ஒத்துக்காது.

கல்யாணத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வா. லேப்டாப்பை அவளிடமே கொடுத்துவிடுகிறேன், லைன் விட்டுப்போனால் நான் கூப்பாடு போடுவேன், அவள் சரி பண்ணிவிடுவாள். முதல் பந்தியிலேயே உட்கார வைத்து நானே பாயசம் ஊற்றுகிறேன். உப்புப் போட மாட்டேன், சத்தியம்.

ஆனால் தாலி கட்டும்போது நீ அக்காவுக்குப் பின்னால் பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பே. உங்க அப்பா அங்கே உன்னையும் தேடுவார். அந்த நேரத்தில் கேமராவை நான்தான் பிடிப்பேன். உன்னை நான் எடுக்கிற மாதிரி யாரும் எடுக்க மாட்டார்கள். அதை மட்டும் அவளிடம் கொடுத்துவிடாதே புவனா.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு, பாதிப் பக்கமாவது என்னைப் பற்றி.

என்றும் உன்,
சுவாதி