குசினியில் நீ வாசித்த கடிதம்

அன்பு மகளுக்கு,

நீ படிக்கவென்று ஸ்தவாங்கர் நகருக்குப் போன பிறகு உன் மேசையைத் துடைக்கப் போனேன். துப்பரவு வேலைக்காரனின் கை சும்மா இராதுதானே. அங்கே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அந்தக் கடிதம் கிடந்தது.

யூலையில் குசினியில் நின்று அதை நீதான் எனக்கு வாசித்தாய். "அப்பா, சாதாரண மாணவர் விடுதியில இடமில்லையாம். பேராசிரியர்மாரோடை ஒண்டாய் இருந்து சாப்பிடுற விடுதிக் கல்லூரிதான் கிடைச்சிருக்கு" என்றாய். பாவம் பிள்ளை என்று நானும் கவலைப்பட்டேன்.

நேற்று ஒவ்வொரு சொல்லாகக் கைபேசியில் தட்டி, தமிழில் என்னவென்று பார்த்து, இரண்டு மணித்தியாலத்தில் வாசித்து முடித்தேன். சமைக்கக் குசினியோடு உனக்கு ஒதுக்கிய அறையை, நீ வேண்டாமென்று எழுதியபடியால் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

அம்மாவிடம் கேட்டேன். "குசினி இருந்தால் நீங்கள் மாதாமாதம் கறிச் சட்டியோடை போய் நிப்பியள் எண்டு பயந்தவள்" என்கிறா. அவவுக்கும் தெரியுமாம்.

போயிருப்பேன்தான். ரயில் நேரமும் பார்த்து வைத்திருந்தேன். சட்டி கூடப் புதிது. முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் இரண்டு நாள் மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருந்துவிட்டு, உன் பெட்டியைத் தூக்க வந்திருப்பேன்.

உன் எட்டு வயதிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த நோர்வே மொழிக் கடிதமெல்லாம் நீ வாசித்ததுதான். நீ விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று நகரசபைக் கடிதமொன்று வந்தது. பழக்கத்தில் உனக்கென்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். பிறகு எடுத்து நானே உறையை உடைத்தேன். பிழையாகத்தான் வாசிப்பேன், பிள்ளை. பொய்யாக வாசிக்கமாட்டேன்.

ஹவுகெட்டோவிலிருந்து,
உன் அப்பா