ஏழு நாள் என்று போட்டேன்

கட்சால் தீவு, வியாழன்.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் ஆன்லைன் வகுப்பில், இன்று என் தேங்காய் எண்ணெய்க்கு இணையக் கடை ஒன்றைத் திறந்தேன். எத்தனை நாளில் பொருள் போய்ச் சேரும் என்று படிவம் கேட்டது. கப்பல் வந்தால்தான் என்று எழுதினேன். ஏற்கவில்லை. எண்தான் வேண்டுமாம். உத்தேசமாக ஒன்று போடச் சொன்னார் வகுப்பு மேடம். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அம்மா சிரித்தாள்.

"கப்பலு எப்ப வரும்னு கப்பல்காரனுக்கே தெரியாது புள்ள."

பொய்யென்று தெரிந்தே ஏழு என்று போட்டேன்.

சாயங்காலம் முதல் ஆர்டர் வந்தது. வேறொரு தீவிலுள்ள ஹேடோ துறைமுகப் பகுதியிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர். கூடவே, கப்பலை ஜஹாஜ் என்றே சொல்லும் ஒரு குறிப்பு:

"ஏழு நாளா? ஜஹாஜ் என்ன உங்க வீட்டு வண்டியா? வரும்போது வரட்டும், ரெண்டு பாட்டில் அனுப்புங்க."

உங்கள் வாடிக்கையாளர் யார் என்று நாளை வகுப்பில் எழுதித் தர வேண்டும். எங்களைப் போலவே கப்பலுக்குக் காத்திருப்பவர் என்று எழுதினால் மேடத்துக்குப் புரியுமா?