எழிலைக் கேட்ட கேள்வி

செஞ்சி,
வியாழக்கிழமை.

அன்பு மகன் எழிலரசனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நாட்கள் போகின்றன. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. புனேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசினால் "சரிம்மா, மீட்டிங் இருக்குது" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

வெயில் தாங்கவில்லை. கோட்டை மலைப் பாறை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்குகிறது. முருங்கை மரம் மட்டும் வெட்கமில்லாமல் காய்க்கிறது. தெருவுக்கே கொடுத்துத் தீரவில்லை.

உன் நைனாவின் மறதி முற்றிவிட்டது. இனித் திரும்பாது என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். சாப்பிட்ட கை காயும் முன்னே மறுபடி தட்டை வைக்கச் சொல்கிறார். ஆனாலும் புதன்கிழமை சாயங்காலம் வேத வகுப்புக்காகக் கூடத்தில் நான் பாயை விரித்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு வேதாகமத்தோடு பாடம் நடத்த வந்து உட்கார்ந்துவிடுவார்.

பாடம் மட்டும் மாறுவதில்லை. உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இரண்டு சீஷரோடு நடந்ததும், அவர்களுக்கு அவரை அடையாளம் தெரியாமல் போனதும்தான் ஒவ்வொரு வாரமும். அது நீ கடைசியாக வந்து உட்கார்ந்த அன்று நடந்த பாடம். வேறு வீட்டில் வகுப்பு வைக்கலாமா என்று போதகர் கேட்டார். வகுப்புக்கு வரும் பவுனம்மாள் விடவில்லை. "கஞ்சி தெனம்தான் குடிக்கிறோம், சலிச்சா போச்சு?" என்று கேட்டுவிட்டாள். ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றாத நம் முருகையன், அமாவாசை அன்று மலையனூர் கோயிலுக்குப் போகிற பஸ் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டாவது வந்து சேருகிறான். எல்லாரும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்கிறார்கள். எனக்குத்தான் நெஞ்சு வலிக்கிறது.

பாடத்தின் நடுவில் நைனா வாசல் பக்கம் பார்த்து, "எழிலு, கூட நடந்தவரை அவங்களுக்கு ஏன் தெரியல? நீ சொல்லு" என்பார். ஒருவரைக் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே. அதனால் யாரும் வாய் திறப்பதில்லை. அன்றைக்கு இதே கேள்விக்கு நீ எழுந்து, "எனக்கும்தான் அவரைத் தெரியல, நம்பிக்கையும் இல்ல" என்றாய். நம்பாதவனுக்கு இந்தப் பாயில் இடமில்லை என்று அவர் சொன்னார். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். எல்லாவற்றையும் மறந்த மனிதர் அந்த ஒரு நாளை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். விரட்டினவர்தான் வாராவாரம் கூப்பிட்டுக்கொண்டும் இருந்தார்.

நேற்று அந்தக் கேள்விக்கு வந்தார். வாசலைப் பார்த்தார். உன் பெயர் வரவில்லை. "யாரையோ கேக்கணுமே, யாரை?" என்று என்னைப் பார்த்தார். நான் உன் பெயரை எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு அவரே, ஜெபிப்போம் என்று வேதாகமத்தை மூடிவிட்டார். முருகையன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

வாப்பா. உனக்கு நம்பிக்கை வந்ததா என்று நான் கேட்கமாட்டேன். வாசல் பக்கம் உன் இடத்தில் இதுவரை யாரையும் உட்காரவிட்டதில்லை. புதன்கிழமை வந்து அங்கே உட்கார். "நீ யாரு தம்பி?" என்று அவர் கேட்டால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடாதே. அந்தச் சீஷர்களுக்கும் வழியெல்லாம் அவரை அடையாளம் தெரியவில்லை, கூடச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நான் சோறு வடித்து வைக்கிறேன். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.

நீ வருகிற வழியெல்லாம் ஆண்டவர் உன் கூட நடக்கட்டும்.

உன் அம்மா,
ரத்தினம்மாள்